உள்ளங்கைக்கு வரும் விளையாட்டு

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார்கள் என்றுதான் எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் கைத்தொலைபேசி விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதைப் பறித்து வையுங்கள் என்று சொல்வதற்கு அல்ல, அதைச் செய்து வெளியிடுவது எப்படி என்று சொல்வதற்கு. 'நாங்கள்' என்பது சனிக்கிழமைகளில் நமது பாடசாலைக் கணினி அறையில் உயர்தர வகுப்புத் தங்கைமாரோடு கூடுகின்ற சில பழைய மாணவிகள். எங்களில் வைத்தியர்களும் இருக்கிறார்கள், மென்பொருள் துறையில் இருப்பவரும் இருக்கிறார், ஆசிரியையும் இருக்கிறார். பேசுகிற குரல் ஒன்றுதான், பேச்சு எல்லோருடையதும்.

மன்னார்த் தீவில் பள்ளிமுனையிலிருந்து தலைமன்னார் பியர் வரை எத்தனை வீடுகளில் மேசைக் கணினி இருக்கிறது? ஆனால் கடலுக்குப் போகிறவர் வீட்டிலும் கருவாடு காயப் போடுகிறவர் வீட்டிலும் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. பெரும்பாலும் அது அண்ணனிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து தங்கைக்கும் கைமாறி வந்ததாக இருக்கும். கொரோனாக் காலத்தில் பாடங்களும் அதில்தான் வந்தன. யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த எங்கள் வகுப்பினர் கணினியைத் தொட்டதே பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான். இன்றைய பிள்ளையின் கையில் கணினி இருக்கிறது, ஆனால் உள்ளங்கை அளவில். ஆகவே கைத்தொலைபேசிக்கு வராத விளையாட்டு எங்கள் ஊருக்கு வராத விளையாட்டு என்றே சொல்லலாம்.

உங்களில் சிலருக்கு 'ராஜி' என்ற விளையாட்டைத் தெரிந்திருக்கும். இந்தியாவின் புனே நகரத்தில் நொடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. பெரிய நிறுவனத்தின் கீழ் இல்லாமல் சொந்தமாக முயன்றவர்கள். அதன் நாயகி வீதியில் வித்தை காட்டும் ஒரு சிறுமி. அசுரர்கள் அவளுடைய தம்பி கோலுவைத் தூக்கிச் சென்றுவிடுகிறார்கள். துர்க்கை கொடுத்த சூலத்தோடு அவள் அவனைத் தேடிப் போகிறாள். பாய்கிறாள், சுவரில் ஓடுகிறாள், தூணைப் பற்றிச் சுழன்று அடிக்கிறாள். கதை சொல்லும் இடங்கள் நிழற்பாவைக் கூத்தாக வருகின்றன. இந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரும் கலை இயக்குநரும் ஒரு பெண், ஷ்ருதி கோஷ். தங்கைமார் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளலாம்.

2017இல் அவர்கள் கிக்ஸ்டாட்டர் மூலம் பொதுமக்களிடம் பணம் திரட்டிப் பார்த்தார்கள். இலக்கு எட்டப்படவில்லை. அதற்குப் பிறகும் விடாமல் செய்து, 2020 ஓகஸ்ட்டில் முதலில் நின்டென்டோ ஸ்விட்ச் என்ற கையடக்கக் கருவியிலும், ஒக்டோபரில் கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் ஆகியவற்றிலும் வெளியிட்டார்கள். அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிந்துரைப் பட்டியலில் அது இடம்பெற்றது. 2022இல் ஹிந்திக் குரலோடு மெருகேற்றிய பதிப்பு வந்தது. கைத்தொலைபேசிக்கு அது நெட்பிளிக்ஸ் வழியாக வந்தது. விளம்பரம் இருக்கவில்லை, உள்ளே எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இருக்கவில்லை. ஆனால் நெட்பிளிக்ஸ் சந்தா வேண்டியிருந்தது. தாழ்வுபாட்டில் எத்தனை வீட்டில் அந்தச் சந்தா இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கதவு திறந்தது, முழுதாகத் திறக்கவில்லை.

பெரிய கருவிக்குச் செய்ததைச் சிறிய கருவிக்குக் கொண்டுவருவதைத் துறையில் போர்ட்டிங் என்பார்கள். நாங்கள் அதைப் பெயர்த்து நடுதல் என்கிறோம். மிளகாய் நாற்றைப் பாத்தியிலிருந்து பிடுங்கி வேறு மண்ணில் நடும்போது வேரோடு கொஞ்சம் பழைய மண்ணும் போகும், சில இலைகள் வாடியும் விழும். எதை விழ விடலாம், எதை விழ விடக்கூடாது என்பதுதான் தொழில்.

முதல் சிக்கல் பெருவிரல். விசைப்பலகையில் விரலுக்குக் கீழே விசை இருப்பது தெரியும், பார்க்க வேண்டியதில்லை. கண்ணாடித் திரையில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. போதாததற்கு, விளையாடுகிற இடத்தையே விரல் மறைக்கும். அதிரடி விளையாட்டில் இது பெரிய வினை. எதிரி வருவதைக் கண்டு கை அசைய மனித மூளைக்குக் கால் செக்கன் அளவு தேவை. செக்கனுக்கு 60 படங்கள் ஓடும் விளையாட்டில் அதற்குள் 15 படங்கள் போய்விடும். அதற்கு மேல் விரலும் மறைத்தால் பிள்ளை தோற்பது தன் பிழையால் அல்ல. 'டெட் செல்ஸ்' என்ற பிரெஞ்சு விளையாட்டு 2019இல் ஐபோனுக்கு வந்தபோது, எதிரி அருகில் வந்தால் நாயகன் தானாகவே அடிக்கும் ஒரு முறையைச் சேர்த்தார்கள். அது ஏமாற்று வேலை என்று சிலர் முறைப்பட்டார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. மூட்டு வலியுள்ளவருக்கு மருந்துப் போத்தலின் மூடியை இலகுவாக்கிக் கொடுப்பது போன்றதுதான் அது.

இரண்டாவது சூடு. மேசைக் கணினிக்கு உள்ளே விசிறி உண்டு. கைத்தொலைபேசிக்கு இல்லை. சூடேறினால் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். குளிரூட்டிய அறையில் வழுக்கிக்கொண்டு ஓடிய விளையாட்டு, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் பத்தாவது நிமிடத்தில் நொண்டும். இதைக் கண்டுபிடிக்க மன்னாரைவிட நல்ல ஆய்வுகூடம் எங்கே இருக்கிறது?

பிறகு சின்னச் சின்னத் தொல்லைகள். விளையாட்டின் நடுவே அம்மாவின் அழைப்பு வரும், அந்த இடத்திலேயே நிலையைச் சேமித்து வைக்க வேண்டும். நினைவகம் போதாவிட்டால் கைத்தொலைபேசி எதையும் சொல்லாமல் விளையாட்டை மூடிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள், ஆகவே நிறத்தோடு வடிவமும் வேறுபட வேண்டும். தமிழ் எழுத்துகளின் கதை தனி. சில விளையாட்டு இயந்திரங்களில் 'கெ' என்று எழுதினால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கொடோ என்ற இலவச இயந்திரத்தின் 4ஆம் பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது. அந்த இயந்திரத்தை அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசியிலேயே இறக்கி வேலை செய்யவும் முடியும். கணினி இல்லாத பிள்ளைக்கு இது சின்ன விடயம் அல்ல.

வைத்தியர்களாகிய எங்களுக்கு மிகவும் பிடித்த கதை 'க்ராஷ்லேண்ட்ஸ்'. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத்துக் கொஸ்டர் சகோதரர்கள் மூவரில் ஒருவரான சாமுக்கு, 2013இல், இருபதுகளின் தொடக்கத்தில், நிணநீர்ப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சைக்கு நடுவே, தனக்கு நிறைவு தரக்கூடிய ஒரு விளையாட்டைச் செய்ய வேண்டும் என்று அவர் விரும்பினார். அண்ணன் தம்பிமார் சேர்ந்து செய்தார்கள். 2016 ஜனவரியில் கணினியிலும் ஐபோனிலும் அண்ட்ரொய்டிலும் ஒன்றாக வெளியிட்டார்கள். ஒன்றில் விட்ட இடத்திலிருந்து மற்றொன்றில் தொடரலாம். மருந்து ஏறும் கையோடு கட்டிலில் கிடக்கும் ஒருவருக்கு மற்றக் கையில் என்ன பிடிக்க முடியும் என்பதை நாங்கள் நாளாந்தம் காண்கிறோம்.

இனிப் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு வருவோம். "டொக்டர்மார் நீங்களே பிள்ளைகளைப் போனுக்குள் தள்ளுகிறீர்களா?" என்று ஒரு தாயார் நேராகவே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டு அடிமைநிலை அதில் ஒரு கோளாறாகவே இடம்பெற்றிருக்கிறது. கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைத்தல், தீங்கு தெரிந்தும் தொடர்தல், இவை வழமையாக ஒரு வருடமளவு நீடித்தால்தான் அந்தப் பெயர். விடுமுறையில் இரண்டு மணித்தியாலம் விளையாடிய பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள். அதேநேரம், எல்லா விளையாட்டும் ஒன்றல்ல. ராஜிக்கு ஒரு முடிவு உண்டு. சில மணித்தியாலங்களில் கதை முடியும், பிள்ளை கருவியைக் கீழே வைக்கும். முடிவே இல்லாமல், நாளைக்கு வராவிட்டால் பரிசு போய்விடும் என்று மிரட்டி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று காட்டாமலே காசு வாங்கும் விளையாட்டுகளும் இருக்கின்றன. அவை சூதாட்டத்தின் தங்கைகள்.

அந்த வழி ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. லூக்கா கலான்டே என்ற இத்தாலியர் செய்த 'வம்பயர் சர்வைவர்ஸ்' கணினியில் பெயர் பெற்றதும், மற்றவர்கள் அதைப் போலச் செய்து கைத்தொலைபேசிக் கடைகளில் விற்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் பையைச் சுரண்டாமல் வெளியிட உடன்படும் பங்காளியைத் தேடியும் அவருடைய குழுவுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் 2022 டிசம்பரில் தாங்களே இலவசமாக வெளியிட்டார்கள். விரும்பினால் மட்டுமே விளம்பரம் பார்க்கலாம். அதில் நாயகனை நகர்த்துவது மட்டுமே நம் வேலை, ஆயுதம் தானாக இயங்கும், ஒரு பெருவிரல் போதும். அடுத்த ஆண்டு பாஃப்டாவின் சிறந்த விளையாட்டு விருது அதற்குத்தான். ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையான 'வெண்பா' கனடாவிலிருந்து போய் 2024இல் அதே பாஃப்டாவில் அறிமுக விருது பெற்றதையும் இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நமது தங்கைமார் செய்திருப்பது கிளித்தட்டு. நடுக்கோட்டில் ஓடும் கிளியிடம் அடி வாங்காமல் கட்டங்களைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். மைதானம் நமது மைதானம், ஓரத்தில் பெருக்கமரம், அவ்வப்போது ஒரு மன்னார்க் கழுதை குறுக்கே வந்து நின்றுவிடும். கணினி அறையில் அம்புக்குறி விசைகளால் நன்றாக ஓடியது. கைத்தொலைபேசிக்குப் பெயர்த்தபோது பெருவிரல் கிளியை மறைத்தது. நான்கு சனிக்கிழமைகள் அதோடு மல்லுக்கட்டி, திரையின் கீழ்ப்பாதியில் எங்கே தேய்த்தாலும் ஓடும்படி மாற்றினார்கள். மைதானத்தின் புற்களைக் குறைத்தார்கள். கழுதையைக் குறைக்கலாமா என்று கேட்டோம், மறுத்துவிட்டார்கள். சரியான முடிவு.

அடுத்தது வெளியிடுவது. அப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டொலர் கட்ட வேண்டும், மக் கணினியும் வேண்டும், ஆகவே அதைத் தள்ளி வைத்திருக்கிறோம். கூகுள் பிளேயில் ஒரே தடவை 25 டொலர். கணக்குத் திறப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் எங்களில் ஒருவர் பெயரில் திறக்கிறோம். விளையாட்டை இலவசமாக, விளம்பரம் இல்லாமல் விடுவது என்பது தங்கைமாரின் தீர்மானம். வெளியிட்டதோடு வேலை முடியாது. அண்ட்ரொய்டின் புதிய பதிப்புகளுக்கு ஏற்பப் புதுப்பிக்காமல் விட்டால், கொஞ்சக் காலத்தில் புதுக் கைத்தொலைபேசிகளில் அது கண்ணிலேயே படாது. இந்தப் பிள்ளைகள் உயர்தரம் முடித்துப் போனபின் அடுத்த வகுப்பு அதைப் பொறுப்பேற்க வேண்டும்.

இங்கேதான் நீங்கள் தேவைப்படுகிறீர்கள். 2023 நவம்பருக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகளுக்குக் கூகுள் ஒரு விதி வைத்திருக்கிறது. பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கு முன்பு, குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையாளர்களாக இணைந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் 20 பேர் கேட்டார்கள், பிறகு குறைத்தார்கள். இடையில் ஆட்கள் விலகிப் பன்னிரண்டுக்குக் கீழே போனால் மறுபடியும் நாள் எண்ண வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் அக்காமாரிடம் நல்ல கைத்தொலைபேசி இருக்கும், இணையமும் இருக்கும். சங்கச் செயலாளரிடம் உங்கள் கூகுள் மின்னஞ்சலைக் கொடுங்கள். இணைப்பு வரும், அழுத்துங்கள், விளையாடுங்கள், எங்கே நொண்டுகிறது, எங்கே எரிச்சல் வருகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். "நல்லாயிருக்கு பிள்ளையள்" என்று மட்டும் எழுதாதீர்கள், அது அவர்களுக்கு உதவாது.

இன்னொன்று. மேசை இலாச்சியில் கிடக்கும் பழைய அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளை வீசிவிடாமல் ஊருக்கு வரும்போது கொண்டு வாருங்கள். எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது, நம் பிள்ளைகள் கையில் இருப்பதும் அப்படிப்பட்டதுதான். உங்கள் படங்களையும் கணக்கையும் அழித்துவிட்டுத் தாருங்கள். திரையில் கீறல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை, தொட்டால் வேலை செய்தால் போதும். மின்னேற்றியையும் மறக்காமல் கூடவே வைத்துவிடுங்கள்.