கழுத்துக் கட்டியும் காசநோய்ப் பரிசோதனையும்



காசநோய் என்றதும் இருமலும் சளியுமே நம் நினைவுக்கு வருகின்றன. இருமலே இல்லாமல், கழுத்தில் நெல்லிக்காய் அளவுக் கட்டியாகவும் அது வருவதுண்டு. நம் பாட்டிமார் கண்டமாலை என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். வலி அதிகம் இராது. அதனால் பற்றுப் போட்டே மாதங்களைக் கடத்திவிடுகிறோம். அப்படிப் பற்றுடன் வரும் பிள்ளைகளை வகுப்பில் நாங்கள் பார்ப்பதுண்டு.

ஜாசினானாலும் அலோர்காஜாவானாலும் மருத்துவமனைக்குப் போனால், கட்டியிலிருந்து சிறு சதைத் துண்டை எடுப்பார்கள். அதைப் பார்மலின் என்ற மருந்துநீரில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மெழுகில் பதித்தது ஆண்டுக்கணக்கில் கெடாது. பார்மலின் செய்யும் வேலை, பால்மரம் வெட்டியவர்களுக்கு எளிதில் விளங்கும். ஸ்டோரில் பாலுக்கு ஆசிட் ஊற்றினால் உறைகிறது. பிறகு அது பாலாவதில்லை. சதையும் அப்படித்தான். உள்ளே இருக்கும் கிருமியும் செத்துவிடும். செத்ததை வளர்த்துப் பார்ப்பது எப்படி?

வளர்க்க முடியாவிட்டாலும் கிருமியின் மரபுப்பொருளான டி.என்.ஏ.வைத் தேடலாம். அதன் சிறு துணுக்கைக் கோடிக்கணக்கில் படியெடுத்துக் காட்டும் முறைக்குப் பி.சி.ஆர். என்று பெயர். 1983இல் அமெரிக்கரான கேரி மல்லிஸ் கண்டது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் இறந்து உலர்ந்துபோன ஒரு பெண்ணின் உடலில், இம்முறையால் காசநோய்க் கிருமியின் அடையாளம் கிடைத்ததாக 1994இல் அறிவித்தார்கள்.

அங்கே கிடைத்தது, போன மாதம் எடுத்த சதையில் கிடைக்காதா என்பீர்கள். கிடைக்காமலும் போகும். பார்மலின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடுகிறது. கட்டியில் கிருமிகளும் குறைவு. இன்னொரு சங்கதியும் உண்டு. ஆய்வுக்கூடங்கள் வழக்கமாகத் தேடிவந்த ஐ.எஸ்.6110 என்ற துணுக்கு, தமிழ்நாட்டு நோயாளிகளிடம் எடுத்த கிருமிகள் சிலவற்றில் இல்லவே இல்லை. 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதை மட்டும் நம்பினால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும். இப்போதைய எக்ஸ்பர்ட் அல்ட்ரா பரிசோதனை வேறொரு துணுக்கையும் சேர்த்துத் தேடுகிறது.

ஆகவே கட்டியை எடுக்குமுன்பே டாக்டரிடம் கேளுங்கள்: “காசநோய்க்கும் பார்ப்பீர்களா? ஒரு துண்டைப் பார்மலினில் போடாமல் அனுப்ப முடியுமா?” மலாயில் ‘திபி’ என்றாலே புரிந்துகொள்வார்கள். உப்புநீரில் போன துண்டில் கிருமியை வளர்க்கலாம். பல வாரம் பிடிக்கும்; ஆனால் எந்த மருந்து பலிக்கும் என்பதும் தெரியும். முன்பே பார்மலினில் போட்டாயிற்று என்றால், மெழுகில் பதித்ததிலேயே சோதிக்கச் சொல்லிப் பார்க்கலாம். ‘இல்லை’ என்று வந்த பிறகும் டாக்டர் மருந்து தொடங்கினால் சந்தேகப்பட வேண்டாம். மற்ற அடையாளங்களையும் பார்த்தே அவர் முடிவு செய்கிறார்.

மருந்து வழக்கமாக ஆறு மாதம். நெஞ்சுப் படத்தில் நுரையீரல் சுத்தம் என்று தெரிந்து, டாக்டரும் சரி என்றால் பிள்ளை பள்ளிக்கு வரலாம். கழுத்துக் கட்டி மட்டும் உள்ள பிள்ளைக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைக்காதீர்கள்.