கப்பலேறிய முன்னோரைத் தேடுவோம்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகளாக அதைத்தானே பேசி வருகிறோம்! ஆகவே, இன்று ஒரு கேள்வியோடு தொடங்குகிறோம். உங்கள் பாட்டனாரின் பாட்டனார் பெயர் என்ன? இவ்வரங்கில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

நிலம் உடையோர்க்குப் பத்திரம் உண்டு. கோயிலில் மரியாதை பெற்றோர்க்குக் கல்வெட்டு உண்டு. நம் சேரிகளிலோ, இருந்த சில காகிதங்களும் கூரை பற்றி எரிந்த போதெல்லாம் உடன் எரிந்தன. ஆயினும் நம்மவர் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்ட ஓரிடம் உண்டு. அது கப்பல் பட்டியல்.

1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. நேட்டால் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் இந்தியர் அக்கப்பலில் சென்றவர்களே. 1911 முடிய அவ்வாறு சென்றோர் 1,52,184 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே சென்றவர்கள். மொரீஷியஸ் தீவுக்கு 1834 முதலே ஆள் ஏற்றினார்கள். பிஜித் தீவுக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் சென்றார்கள். இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சென்றோர் வேறு.

ஏன் சென்றார்கள்? 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையை ஏட்டில் ஒழித்தது, பண்ணையில் ஒழிக்கவில்லை. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சம் இருந்த கஞ்சியையும் பறித்தது. ஆசை காட்டி ஏற்றப்பட்டோர் உண்டு. பண்ணைக் கடனிலிருந்து தப்பித் தாமே ஏறியோரும் உண்டு. அவர்களை ஏமாளிகள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். சேரியை விட்டு வெளியேறத் துணிந்த முதல் தலைமுறை அவர்கள்.

கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்டோர் பலர். கப்பலில் வேலை செய்தோர் சிலர். இந்தியக் கப்பல் தொழிலாளரை வெள்ளையர் ‘லஸ்கர்’ என்றனர். கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டவர்களும் தளம் கழுவியவர்களும் அவர்களே. இரண்டாம் உலகப் போரில் மாண்ட இந்தியக் கப்பல் தொழிலாளர் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவேடுகளில் இடம்பெற்றுள்ளார்கள். கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பாதவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால் அங்கும் தேடுங்கள்.

நேட்டால் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவற்றை அதில் எழுதியிருப்பார்கள். தர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ள இப்பட்டியல்களை இன்று கணினி வழியாகவும் காணலாம். மொரீஷியஸ் ஏடுகள் மோகா நகரின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. அங்கே பலருடைய புகைப்படங்களும் உண்டு.

எவ்வாறு தேடுவது? முதலில் வீட்டு மூத்தோரிடம் கேளுங்கள். பெயர், பட்டப்பெயர், குலதெய்வம், பிறந்த ஊர், பெண் கொடுத்த ஊர் அனைத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கடலூர் மாவட்டம் என்று தேடினால் அகப்படாது. தென்னாற்காடு என்றே தேட வேண்டும். அம்மாவட்டம் 1993இல்தான் பிரிக்கப்பட்டது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊர்கள் அக்காலத்தில் சிதம்பரம் தாலுகாவில் இருந்தன. பரங்கிப்பேட்டையைப் ‘போர்ட்டோ நோவோ’ என்று எழுதியிருப்பார்கள். பெயரை எழுதியவரோ ஓர் எழுத்தர். காதில் விழுந்தவாறு எழுதினார். ஆகவே தந்தை பெயர், ஊர், வயது மூன்றும் பொருந்தினாலன்றி ‘இவரே நம்மவர்’ என்று முடிவு கட்டலாகாது.

ஏட்டில் உள்ளதெல்லாம் மெய் அன்று. இதை அனுபவத்தால் கூறுகிறோம். பிறந்த நாள் தெரியாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு ஜூன் முதல் நாளை நம் கையாலேயே சேர்க்கைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம். நூறாண்டு கழித்து ஒருவர் அதைப் பார்த்து, அவ்வூரில் எல்லாரும் ஒரே நாளில் பிறந்தார்கள் என்று வியப்பாரோ என்னவோ!

நம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்கிறோம். போகியன்று முன்னோருக்குப் படைக்கும்போது நம் பாட்டியார் ஓர் இலையைத் தனியே போடுவார். “கப்பலேறின பெரிய தாத்தாவுக்கு” என்பார். பெயர் சின்னான், ஊர் சிதம்பரத்துக்குக் கிழக்கே. அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. பட்டியலில் தேடினோம். சிதம்பரம் தாலுகாவைச் சேர்ந்த சின்னான்கள் மூவர் இருந்தனர். ஒருவருக்கு இடது முழங்காலில் தழும்பு. ஒருவருக்கு நெற்றியில் வடு. மூன்றாமவருக்கு வயது பதினாறு. எவர் நம்மவர்? இன்றுவரை தெரியவில்லை. சென்ற போகிக்கு மூன்று இலை போட்டோம்.

இதைக் கேட்ட மாணவர் ஒருவர், “ஐயா, அந்தப் பட்டியலில் நம் சாதிப்பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். அதை ஏன் தேடிப் படிக்க வேண்டும்?” என்று வினவினார். நியாயமான வினா. ஆனால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடலாமா? அருகிலேயே ஒரு தந்தையின் பெயர் இருக்கிறது; ஓர் ஊர் இருக்கிறது; முழங்கால் தழும்பு இருக்கிறது. இழிவாகச் சொல்லப்பட்ட அதே பெயரையே 1893இல் தம் இதழுக்குச் சூட்டினார் இரட்டைமலை சீனிவாசனார். அவரும் கப்பலேறியவரே. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். பின்னர் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். கூலியாய்ப் போனவர்களின் கடல்வழியே உரிமை கேட்கவும் வழியாயிற்று.

இளைஞர்களே, நம் வேண்டுகோள் சிறியது. பொங்கல் விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு உங்கள் வீட்டு மூத்தவர் அருகில் அமருங்கள். நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதுங்கள். பெண்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். மனைப்பட்டா, 1892 ஆணையின்படி நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் காகிதம், பழைய கடிதம் எது இருப்பினும் படி எடுத்து ஒன்றைச் சங்கத்தில் கொடுங்கள். இழந்த நிலத்தைக் கேட்கும் நாளிலும், ‘இன்னாரின் வழிவந்தோம்’ என்று மெய்ப்பிக்க அப்பெயர்கள் வேண்டும்.

1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கி நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்தார். இனி நம் பெயரை எழுதப் பிறர் வர வேண்டியதில்லை. எழுதும் கை நம்மிடமே இருக்கிறது. சொல்லும் வாய்கள்தாம் ஒவ்வோர் ஆண்டும் குறைந்து வருகின்றன. காலம் தாழ்த்தாதீர்கள்.