கூட்டம் வேறு, சபை வேறு

ஒரு திருச்சபை நலமாக இருக்கிறதா என்று கேட்டால், பலர் ஞாயிறு ஆராதனைக்கு வந்த தலைகளை எண்ணுவார்கள். சிலர் புதிதாகக் கட்டிய கோபுரத்தைக் காட்டுவார்கள். மல்லாங்கிணறு முதல் சிவகாசி வரையிலான இந்தக் கரிசல் மண்ணின் வரலாறு வேறோர் அளவுகோலைத் தருகிறது. தனக்கு வெளியே இருப்பவருக்காக ஒரு சபை எதை விட்டுக்கொடுக்கிறது என்பதே அது.

கேம்பிரிட்ஜில் கணிதத்தில் தேர்ந்த மிஷனரி தாமஸ் ராக்லண்ட் 1854இல் வட திருநெல்வேலிக்கு வந்தார். சிவகாசியும் சாத்தூரும் அன்று திருநெல்வேலிச் சீமையில் இருந்தன. கூடாரமடித்து ஊர் ஊராகப் போன அவருக்குத் துணையாக, தெற்கத்திச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் மாதமுறை வைத்து வந்தார்கள். அவர்களுடைய செலவைச் சபையாரே ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சபையாரில் பெரும்பாலோர் பனையேறிப் பிழைத்தவர்கள். பதநீர் இறக்கிச் சேர்த்த காசில், முகம் தெரியாத ஊருக்கு ஆள் அனுப்பினார்கள். தொடக்கத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் சொற்பமே. 1858 அக்டோபரில் ராக்லண்டும் சிவகாசியிலேயே இறந்துபோனார். தலைக்கணக்குப் பார்த்தால் அது தோற்றுப்போன முயற்சி. ஆனால் அனுப்பிய சபைகளின் நலத்துக்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

"ஆள் குறைந்தால் சபை எப்படி நிற்கும்?" என்பது நியாயமான கேள்விதான். அமெரிக்கன் மதுரை மிஷன் 1847இல் இதற்கு நேராகவே முகம் கொடுத்தது. பிற சாதியாரோடு சேர்ந்து உண்ண மறுப்பவர்களைச் சபையிலிருந்து விலக்கியது. விலக்கப்பட்டவர்களில் உபதேசியார்களும் இருந்தார்கள். மிஷனுக்கு அது பெரிய இழப்பு, என்றாலும் பின்வாங்கவில்லை. தெற்கே வடக்கன்குளத்திலோ, ஒரே கத்தோலிக்க ஆலயத்துக்குள் சாதி பிரித்து உட்கார வைத்த தடுப்புச்சுவர் பல்லாண்டு நின்றது. கடைசியில் அது இடிக்கப்பட்டபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. குறை எதில் என்பதைச் சொல்லவும் வேண்டுமா!

"சபையின் வேலை ஆத்துமாவைக் காப்பது, மற்றதை அரசு பார்த்துக்கொள்ளும்" என்பார்கள் சிலர். இதே வட்டாரத்தில் 2012இல் முதலிப்பட்டியிலும், 2021இல் அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலைகள் வெடித்தன. நிவாரணத் தொகையை அரசு அறிவித்தது. ஆனால் வேலைக்குப் போன தாய் திரும்பாத வீட்டில், ஆறு மாதம் கழித்து யார் எட்டிப் பார்க்கிறார்கள்? காசோலைக்கு அந்த வேலை தெரியாது. பக்கத்துத் தெருச் சபைக்குத் தெரியும். அந்தக் குடும்பம் எந்தச் சாதி, எந்த மதம் என்று விசாரிக்காமல் போகிற சபைதான் அதைச் செய்ய முடியும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கும் அசன விருந்துக்கும் கணக்கு வாசிக்கிற சபையாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், வெளியாருக்காகச் செலவிட்ட தொகையையும் சேர்த்து வாசியுங்கள்.