வெண்தலைக் கழுகு



என் பள்ளிப் பருவத்தில், உறவினர் ஒருவர் அமெரிக்க நாட்டின் ஒரு டாலர் நோட்டைக் காட்டினார். அதன் பின்புறத்தில் சிறகு விரித்த கழுகொன்று, ஒரு காலில் ஒலிவக் கிளையையும் மறு காலில் பதின்மூன்று அம்புகளையும் பற்றி நின்றது. அச்சித்திரத்தை வியந்தேனேயன்றி, அஃது உயிருள்ள பறவை என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அங்ஙனம் எண்ண மறந்தவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன்.

1782-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரஸ் இக்கழுகைத் தன் முத்திரையில் ஏற்றது. பெஞ்சமின் பிராங்க்ளினுக்கோ அது பிடிக்கவில்லை. விரால் அடிப்பான் பாடுபட்டுப் பிடித்த மீனைத் தட்டிப் பறிக்கும் ஒழுக்கமற்ற பறவை இது என்று, 1784-இல் தம் மகளுக்கு எழுதிய மடலில் குறைகூறினார். பறிப்பது உண்மைதான், ஆயினும் பறவைக்கு அறமேது, மறமேது? பசியே அதன் நூல்.

இதன் ஆங்கிலப் பெயர் வழுக்கையைச் சுட்டினாலும், தலையில் வழுக்கை இல்லை. வெண்மையைக் குறித்த பழஞ்சொல்லே அப்பெயரில் எஞ்சி நிற்கிறது. குஞ்சுப் பருவத்தில் உடல் முழுதும் பழுப்பு நிறம். ஏறத்தாழ ஐந்தாம் வயதில்தான் தலையும் வாலும் வெளுக்கும். விரித்த சிறகின் அகலம் இரண்டு மீட்டர் அளவு இருக்கும். ஆணினும் பெண்ணே பெரிது.

இனி, வருந்தத்தக்க செய்தி ஒன்று. முத்திரையில் கழுகைப் போற்றிய அதே நாட்டில், அலாஸ்காப் பகுதி அதனைக் கொல்வோருக்குப் பரிசுப் பணம் வழங்கியது. சால்மன் மீனைத் தின்று தீர்க்கிறது என்பது குற்றச்சாட்டு. 1917-இல் தொடங்கி 1950-களின் முற்பகுதி வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கழுகுகள் மாண்டன. 1940-இல் இயற்றப்பெற்ற பாதுகாப்புச் சட்டமும் முதலில் அலாஸ்காவை விலக்கியே வைத்தது!

துப்பாக்கிக்குத் தப்பியவற்றை நஞ்சு தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் வயல்களில் தெளித்த டி.டி.டி. மருந்து நீரில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனுண்ட கழுகின் உடலில் தங்கியது. அதனால் முட்டையோடு மெலிந்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் பாரத்தாலேயே முட்டை நொறுங்கியது. கொல்ல வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை. ஆயினும் இனம் அழிந்துகொண்டிருந்தது. 1963-இல், அலாஸ்கா நீங்கலாக அந்நாட்டின் பெருநிலப்பரப்பில் கூடு கட்டிய இணைகள் ஐந்நூறுக்கும் குறைவு.

1962-இல் ரேச்சல் கார்சன் அம்மையார் தம் நூலால் நாட்டை விழிப்படையச் செய்தார். 1972-இல் அம்மருந்து தடைசெய்யப்பட்டது. கழுகினம் மெல்ல மீண்டது. 2007-இல் ஆபத்துக்குள்ளான உயிர்களின் பட்டியலினின்றும் நீங்கியது. 2021-இல் வெளியான அரசாங்க மதிப்பீடு, அதே பரப்பில் 71,400 இணைகள் உள்ளன என்றது. சட்டப்படி அது தேசியப் பறவையானதோ 2024 டிசம்பரில்தான்.

நண்பர்களே, நாணயத்தில் பொறித்த கழுகுக்கு நஞ்சில்லை, பசியில்லை. மரக்கிளையில் அமர்ந்த கழுகுக்கு இரண்டும் உண்டு. வேட்டைக்காரர் விட்டுச்சென்ற பிணத்திலுள்ள ஈயக்குண்டு இன்றும் அதனைக் கொல்கிறது. சின்னத்தை வணங்குதல் எளிது. அச்சின்னத்தின் உயிரைக் காத்தலே அரிது. அவ்வரிய செயலும் மனிதர் முயன்றால் இயலும் என்பதற்கு இப்பறவையே சான்று.