அடுக்கி எழுதலாம், பொருள் மாறாமல்
(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணக்குப் பாடம் நடத்துகிற பட்டதாரி ஆசிரியர். பைத்தான் மொழியை எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். அப்போது நான் செய்த ஒரு தவற்றையும், அதிலிருந்து தெரிந்துகொண்டதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் மாணவர் இதழுக்கு வரும் படைப்புகளை எக்ஸ்.எம்.எல். கோப்பாகச் சேர்த்து வைக்கிறோம். எது பெயர், எது தலைப்பு, எது பத்தி என்று குறிச்சொல் இட்டுவிட்டால், பின்னர் பெயர்ப்பட்டியல் எடுப்பதும் வகுப்புவாரியாகப் பிரிப்பதும் எளிது. குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதலாம். கட்டுரையில் ஊர்ப்பெயர் வந்தால் அதற்கும் தனிக் குறி இட்டோம். எல்லாம் சேர்ந்த கோப்பு இப்படி இருந்தது:

<இதழ்><படைப்பு><தலைப்பு>என் பயணம்</தலைப்பு><பத்தி>நாங்கள் <ஊர்>மதுரை</ஊர்>யிலிருந்து புறப்பட்டோம்.</பத்தி></படைப்பு></இதழ்>

கணினிக்கு இது போதும். நமக்குப் போதாது. நாற்பது பிள்ளைகளின் எழுத்து ஒரே வரியாக நீண்டு கிடந்தால் பிழை திருத்துவது எப்படி? ஆகவே வரி பிரித்து, உள்தள்ளி எழுதும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன்.

அதற்குச் சாக்ஸ் முறையைப் பயன்படுத்தினேன். எக்ஸ்.எம்.எல். 1.0 தரம் 1998 பிப்ரவரியில் வெளியானது. அதே ஆண்டு மே மாதம் ஜாவா மொழிக்காக சாக்ஸ் 1.0 வந்தது. இன்று பைத்தானுடனேயே அது கிடைக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை நம் வகுப்பறையை வைத்தே சொல்லிவிடலாம். ‘சொல்வதை எழுதுதல்’ நடத்துகிறோம் அல்லவா? பார்சர்தான் வாசிக்கும் ஆசிரியர். நம் நிரல், கேட்டு எழுதும் மாணவர். “படைப்பு தொடங்குகிறது”, “தலைப்பு தொடங்குகிறது”, “எழுத்துகள்: என் பயணம்”, “தலைப்பு முடிகிறது” என்று பார்சர் ஒவ்வொரு நிகழ்வாகச் சொல்லிக்கொண்டே போகும். முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றாததால் பெரிய கோப்புக்கும் இது தாங்கும். ஆனால் மாணவருக்கு அடுத்த வாக்கியம் என்னவென்று தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்தள்ளலுக்கு ஓர் எண்ணி போதும். தொடக்க நிகழ்வு வந்தால் புதிய வரிக்குப் போய், எண்ணியின் அளவுக்கு இடம் விட்டு, குறிச்சொல்லை எழுதி, எண்ணியில் ஒன்றைக் கூட்ட வேண்டும். முடிவு நிகழ்வு வந்தால் முதலில் ஒன்றைக் கழித்துவிட்டுப் பிறகு எழுத வேண்டும். இந்த வரிசை மாறினால் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் நேர்க்கோட்டில் நிற்காது.

நிரல் ஓடியது. கோப்பு பார்க்க அழகாக இருந்தது. அச்சுப்படி எடுத்து ஒட்டினேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து நின்றாள்.

“சார், நான் ‘மதுரையிலிருந்து’ன்னு சேர்த்துத்தான் எழுதினேன். இங்க ‘மதுரை யிலிருந்து’ன்னு பிரிஞ்சு இருக்கு. தமிழ் டீச்சர் பார்த்தா நான் தப்பா எழுதினதாத்தான் நினைப்பாங்க.”

அவள் சொன்னது சரி. ஊர் என்ற குறிக்கு முன்னும் பின்னும் என் நிரல் புது வரி சேர்த்திருந்தது. பத்தியை அச்சிடும்போது அந்த வரிமுறிவு ஓர் இடைவெளியாக மாறிவிட்டது. வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி நிற்கும் மொழி நம் தமிழ். இங்கே ஓர் இடைவெளி நுழைந்தாலே அது எழுத்துப்பிழை. பிழை என்னுடையது, பழி பிள்ளையின் மேல்!

முதலில், பத்திக்குள் எழுத்து வந்துவிட்டால் வரி பிரிக்க வேண்டாம் என்று திருத்திப் பார்த்தேன். “மதுரையிலிருந்து புறப்பட்டோம்” என்று ஊர்ப்பெயரிலேயே தொடங்கும் பத்தியில் அது தோற்றது. ஊர்க்குறி வரும்போது, பின்னால் எழுத்து வரப்போகிறது என்று நிரலுக்குத் தெரியாதே! கேட்டு எழுதுபவரால் முன்கூட்டி அறிய முடியாது. அதை அறிந்த நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆகவே இரண்டு பட்டியல் கொடுத்தேன். இதழ், படைப்பு ஆகியவை அடுக்கும் பெட்டிகள். அவற்றுக்குள் வரி பிரிக்கலாம். தலைப்பு, பெயர், பத்தி ஆகியவை எழுத்துள்ள பகுதிகள். இவற்றில் ஒன்று தொடங்கியதும் ‘தொடாதே’ என்ற கொடி உயரும். அதே பகுதி முடியும்வரை எல்லாம் வந்தது வந்தபடியே எழுதப்படும். நடுவில் ஊர் முடிந்தால் கொடி இறங்கக் கூடாது. கொடி இறங்கியிருக்கும்போது வெற்று இடைவெளி வந்தால் விட்டுவிடலாம். அது பழைய உள்தள்ளல்தான். எழுத்து வந்தால் மட்டும் விடக் கூடாது. எச்சரிக்கை காட்டச் செய்யுங்கள்.

இன்னும் நான்கு செய்திகள்.

ஒன்று: ஒரே வாக்கியத்தை பார்சர் ஒரே நிகழ்வாகத் தரும் என்று நம்ப வேண்டாம், துண்டு துண்டாகவும் தரலாம். சிறிய கோப்பில் இது கண்ணில் படாமலே போகும். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் இடைவெளியை வெட்டினால் “பாட்டி சொன்ன” என்பது “பாட்டிசொன்ன” ஆகிவிடக்கூடும்.

இரண்டு: கணக்கு வினாவில் 5 < 7 என்று இருந்தால், அந்தச் சிறியது குறி கோப்பில் மாற்று வடிவில்தான் இருக்கும். பார்சர் அதை அவிழ்த்துத் தரும். திரும்ப எழுதும்போது மறுபடியும் மாற்ற வேண்டும். பைத்தானின் எக்ஸ்.எம்.எல்.ஜெனரேட்டர் இதைத் தானே செய்துவிடும்.

மூன்று: அதே ஜெனரேட்டரிடம் யூ.டி.எஃப்.-8 குறியாக்கம் வேண்டும் என்று சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் பத்தியில் உள்ள தமிழ் எழுத்துகள் எண்களாக வெளிவரும்; ‘த’ 2980 என்ற எண்ணாக நிற்கும். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான், படிக்கிற நமக்கு ஒன்றல்ல.

நான்கு: கோப்பில் நாம் எழுதிய குறிப்புரைகள் வழக்கமான நிகழ்வுகளில் வராது, புதிய கோப்பில் காணாமல் போகும். அதனால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

சரிபார்ப்பதும் எளிது. பழைய கோப்பு, புதிய கோப்பு இரண்டிலிருந்தும் தலைப்பு, பெயர், பத்தி இவற்றின் எழுத்துகளை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். ஓர் இடைவெளிகூட மாறியிருக்கக் கூடாது. புதிய கோப்பை மீண்டும் நிரலில் கொடுத்தால் அதே கோப்பு வர வேண்டும். இந்த இரண்டு சோதனைகளையும் இப்போது எங்கள் பிள்ளைகளே செய்கிறார்கள்.

அந்த மாணவியின் கட்டுரையைத் திருத்தி மறுபடி ஒட்டினோம். அவள் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். “இப்ப நான் எழுதின மாதிரியே இருக்கு சார்” என்றாள்.

நம் நிரலுக்கு அதைவிடப் பெரிய மதிப்பெண் வேண்டியதில்லை.