பொழுதுபோக்கில் விளைந்த கணினி



பொழுதுபோக்கென நாம் எளிதாய் ஒதுக்கும் முயற்சி எத்துணைப் பயன் தரும் என்பதற்கு அமெரிக்கரான ஸ்டீவ் வொஸ்னியாக் சான்றாவார். சிறுவயதிலேயே வானொலிக் கருவிகளை வீட்டில் பூட்டிப் பழகியவர் அவர். 1975 மார்ச் 5 இல் கலிபோர்ணியாவிலே ஒரு வீட்டுக் கராஜில் கணினி ஆர்வலர் சுமார் முப்பதுபேர் கூடினர், அவரும் சென்றார். அங்கு பெற்ற ஊக்கத்தால் தாமே ஒரு கணினியை வகுத்து, அதன் சுற்றுப்படத்தைக் கழகத்தார்க்கு இலவசமாக வழங்கினார். அதுவே 1976 இல் "அப்பிள் 1" என விற்பனைக்கு வந்தது.

கைத்திறனினும் பெரிது, அறிந்ததை மறையாது பகிர்ந்த அம்மனப்பான்மையே. இளைஞர்களே, பழுதான வானொலியை எறியுமுன், மின்னிணைப்பை அகற்றித் திறந்து பாருங்கள். கற்றதைத் தோழனுக்குக் காட்டுங்கள். பெரியோர்களே, மேசையிற் சிதறிய கம்பிகளைக் கண்டு பிள்ளைகளைக் கடியாதீர்கள், அவர்கள் கற்கின்றார்கள்.