பந்தலைப் பிரித்த பிறகு நிற்பது எது?



சுற்றுச்சூழலைக் காப்பது சட்டம் இயற்றும் அவையா, களம் இறங்கும் மக்களா என்பது இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. எங்கள் அணிக்குக் கிடைத்தது அவை. இதைச் சொன்னதும் வீட்டில் சிரித்தார்கள். "மேசை தட்டுறதுக்கும் வெளிநடப்புக்கும் வக்காலத்து வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார்கள். வாங்கத்தான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா மூக்கனேரியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். நம் அஸ்தம்பட்டிக்குப் பக்கத்துக் கன்னங்குறிச்சியில் சேலத்து மக்கள் கூடி ஏரியைத் தூர்வாரினார்கள். அள்ளிய மண்ணைத் திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள், பறவைகள் வந்தன. எல்லாம் உண்மை. ஆனால் அக்கா, தூர்வார அங்கே ஏரி என்று ஒன்று மிச்சம் இருந்ததே, அது எப்படி? வருவாய்த்துறை ஆவணத்தில் ஏரி என்று எழுதியிருந்ததால்தான். அந்த எழுத்து இல்லாத இடமெல்லாம் இன்றைக்குப் பெயரில் மட்டும் ஏரியாக இருக்கிறது. ஏரியை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்று என்று அதிகாரிக்குச் சொல்லும் சட்டத்தை 2007இல் போட்டது நம் சட்டமன்றம். அதிகாரி செய்யாவிட்டால் கோர்ட்டுக்குப் போகிறோமே, எதைக் காட்டிப் போகிறோம்? மண்வெட்டியையா?

அடுத்து மழைநீர். 2003இல் ஜெயலலிதா ஆட்சி உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றது. நீ செய்யாவிட்டால் நகராட்சியே செய்து, செலவைச் சொத்து வரியோடு வசூலிக்கும் என்று ஒரு வரி அதில் இருந்தது. அந்த வரிதான் வேலை செய்தது. ஊரெங்கும் மாடியிலிருந்து பிவிசி குழாய் இறங்கியது. வாசலில் குழி வெட்டிக் கூழாங்கல்லும் ஜல்லியும் மணலும் கொட்டினார்கள். மழைநீரைச் சேமியுங்கள் என்று எத்தனை வருடம் சுவரில் எழுதினோம்! யார் குழி வெட்டினார்கள்?

எதிரணித் தம்பி சிரிக்கிறார். என்ன கேட்கப் போகிறார் என்று தெரியும். இன்றைக்குப் பாதிக் குழிகள் மேல் டைல்ஸ் ஒட்டி ஸ்கூட்டர் நிற்கிறதே என்பார். நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பி, டைல்ஸ் ஒட்டியது சட்டமன்றமா, உங்கள் அணியைச் சேர்ந்த மக்களா?

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 2020 பிப்ரவரி 9. நம் மாவட்டத்துத் தலைவாசலில் கால்நடைப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டு விழா. அந்த மேடையில்தான் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகும் என்று அறிவித்தார். அதே மாதம் 20ஆம் தேதி சட்டம் நிறைவேறியது. அட்டவணையைப் படித்துப் பாருங்கள்: எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன், ஷேல் எரிவாயு எடுக்கத் துளை போடக் கூடாது, தாமிர உருக்காலை, துத்தநாக உருக்காலை, தோல் பதனிடும் ஆலை புதிதாக வரக் கூடாது. குறை உண்டா? உண்டு. திருச்சி, கரூர், அரியலூரை விட்டுவிட்டார்கள். ஏற்கெனவே ஓடும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தொடவில்லை. தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று அன்றைக்கு எதிர்க்கட்சியாக இருந்த திமுக கேட்டதில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து.

ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் மக்கள் வெயிலில் உட்காராமல் இந்தச் சட்டம் வந்திருக்குமா என்று அக்கா கேட்டார். வந்திருக்காது. 2017இல் அவர்கள் போட்ட பந்தலுக்கு என் வணக்கம். ஆனால் பந்தலை ஒரு நாள் பிரித்துத்தானே ஆக வேண்டும்? அறுவடைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். பிரித்த பிறகு எது காவல் நின்றது என்பதை 2023 காட்டியது. மத்திய நிலக்கரி அமைச்சகம் சுரங்க ஏல அறிவிப்பு விட்டது. பட்டியலில் டெல்டாப் பகுதியின் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி. அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதில் அவர் காட்டிய ஆயுதம் என்ன தெரியுமா? எடப்பாடியார் கொண்டுவந்த அதே 2020 சட்டம்! சில நாட்களில் மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து நீங்கின. சட்டம் போட்டது ஒரு கட்சி, எடுத்து வீசியது இன்னொரு கட்சி, பிழைத்தது நெல்வயல். நடுவர் அவர்களே, இதை எழுதிக்கொள்ளுங்கள்.

எரிபொருளே வேண்டாமா என்பார்கள். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரிவது நிலக்கரிதான். இந்த மைக் கத்துவதும் மின்சாரத்தில்தான். எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்று உட்கார்ந்து முடிவு செய்ய ஓர் இடம் வேண்டுமே, அந்த இடத்தைத்தான் சொல்கிறேன்.

சேலம்–சென்னை எட்டு வழிச்சாலையைச் சொல்லாமல் நழுவப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். டெல்டாவுக்கு வேலி போட்ட அதே ஆட்சி இங்கே சாலைக்காக வயலில் அளவைக் கல் நட்டது. அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தபோது, சுற்றுச்சூழல் அனுமதி எங்கே என்று சட்டத்தை வைத்துத்தான் கேட்டது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த அனுமதி இந்தக் கட்டத்தில் தேவையில்லை என்றதே, அங்கே சட்டம் போதவில்லை. போதாத சட்டத்தை எங்கே போய்த் திருத்துவது? ரவுண்டானாவிலா?

கடைசியாக வெயில். கட்டடத்தில் சித்தாள் வேலை செய்கிறவருக்கும், வெள்ளிப் பட்டறையில் அனல் முன்னால் கொலுசு செய்கிறவருக்கும் சேலத்து மே மாதம் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். அந்தப் பணம் வரும் பேரிடர் நிதி, நாடாளுமன்றம் போட்ட 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் பிறந்தது.

ஆகவே அவைக்கே தீர்ப்புத் தாருங்கள், நடுவர் அவர்களே. சபையோர்க்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோடும் சாக்கடையும் மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். எந்த மசோதாவில் பேசினீர்கள், நம் ஏரிக்கும் வெயிலுக்கும் என்ன கேள்வி போட்டீர்கள் என்று கேளுங்கள்.